நாடு திரும்பும் சகோதரிகளுக்கு நாம் என்ன செய்யலாம்?

(கல்கிசையில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் வெளிநாடு போனோம். படிப்புக்காகப் போனோம், திருமணமாகிப் போனோம், 1983க்குப் பிறகு உயிரைக் காக்கவும் போனோம். விடுமுறைக்கு வந்தால் கடவுச்சீட்டு நம் கைப்பையில் இருக்கும். வாசலில் வரவேற்க ஆட்கள் நிற்பார்கள். இந்த இரண்டும் இல்லாமல் கட்டுநாயக்கவில் வந்திறங்கும் பெண்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டு வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்ட பெண்கள், அங்கிருந்து ஓமானுக்குக் கைமாற்றப்பட்டார்கள். நவம்பரில் அச்செய்தி நாட்டையே உலுக்கியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைதுகளைச் செய்தது. சுற்றுலா விசாவில் போனவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை; பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லை.

படிப்பில்லாதவர்தான் ஏமாறுவார் என்று யாரும் எண்ண வேண்டாம். தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிப் போன, கணினியும் ஆங்கிலமும் தெரிந்த நம் நாட்டு இளம் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பகுதி இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள்.

இவர்கள் ஊர் திரும்பியதும் கேட்கும் முதற் சொல், “தானாகத்தானே போனார்” என்பது. இதற்குச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 2000ஆம் ஆண்டு ஆட்கடத்தல் நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்டது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்கிறது அது. மீண்டவருக்கு இருப்பிடம், மருத்துவம், ஆலோசனை, தொழில், பயிற்சி ஆகியவற்றை நாடுகள் வழங்க முயலவேண்டும் என்றும், ஆலோசனை அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

கட்டுநாயக்கவில் பணியகத்தின் ‘சஹன பியச’ தங்குமிடம் இருக்கிறது. அங்கிருந்து மலையகத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய் இறங்கிய பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. முகவர் கொடுத்த முற்பணம் கடனாக நிற்கும். பிள்ளைகள் முகம் பார்க்கத் தயங்குவார்கள். அயலவர், “எவ்வளவு கொண்டுவந்தாய்?” என்பார்கள்.

சகோதரிகளே, நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மொழி. நம்மில் பலருக்கு மூன்று மொழியும் தெரியும். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு தமிழ்ப் பெண் கையொப்பமிடும் நிலை வரக்கூடாது. பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூடப் போவோம். எழுதியதை வாசித்து விளக்குவோம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் வந்துள்ளது. அதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இரண்டாவது, இரகசியம். தையல் இயந்திரம் ஒன்றைக் கொடுத்து, படம் எடுத்து, சங்க மலரில் போடும் வழக்கம் இந்த விடயத்தில் வேண்டாம். அவருக்குத் தையலில் விருப்பமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். சிலருக்குச் சில மாத வீட்டுச் செலவுதான் அவசரத் தேவை. மூச்சுவிட்ட பிறகே தொழிலைப் பற்றி யோசிக்க முடியும்.

மூன்றாவது, வளைகுடா நாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு. உங்கள் அயல் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் அவருடைய கடவுச்சீட்டு இருக்கிறதா? கையில் எதுவுமின்றி அவசரமாக விமானம் ஏறினால் சம்பள பாக்கியைக் கேட்பது கடினம். ஒப்பந்தப் பிரதி, முகவர் அனுப்பிய செய்திகள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பணியகத்தின் 1989, இங்கே மகளிர் உதவிக்கான 1938 ஆகிய இலக்கங்களை நினைவில் வைத்திருங்கள்.

நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பணம் தர இயலாதவர்கள் மாதத்தில் ஒரு நாளைத் தரலாம். இனி நம் காதுபட யாராவது “தானாகத்தானே போனார்” என்றால், “வந்துவிட்டாரே, அது போதும், இனி அவருக்கு என்ன தேவை?” என்று நாம் திருப்பிக் கேட்போம்.