சொல்லாத நோவு



நூற்றாண்டு விழாவில் கணவனின் வன்முறை பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். 2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள்.

வைத்தியர்களாகிய நாங்கள் அவர்களைக் கிளினிக்கில் காண்கிறோம். 'அவர் அடிக்கிறார்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலையிடி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு என்றே வருவார்கள். ஆறுதலாகப் பேசினால்தான் மற்றது வெளிவரும். படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கை நடுங்கும்; கறியில் உப்புக் கூடிவிட்டதோ என்று நாள் முழுதும் பயம். காயம் ஆறினாலும் இந்தப் பயம் ஆறுவதில்லை. இவர்களுக்கு மனச்சோர்வு நோய் ஏற்படும் சாத்தியம் ஏறத்தாழ இரு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லாவற்றிலும் கொடியது, 'பிழை என்னில்தான்' என்ற எண்ணம். 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று தினமும் கேட்பவள், எவ்வளவு படித்திருந்தாலும் ஈற்றில் அதை நம்பிவிடுகிறாள். வெட்கத்தில் சிநேகிதிகளிடமிருந்து ஒதுங்குகிறாள். 'ஏன் விட்டுவிட்டு வரவில்லை?' என்று நாங்கள் கேட்டால் அந்தக் குற்றவுணர்வு இன்னும் கூடும். 'பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ' என்பதும் உதவாது. அந்த வீட்டில் பிள்ளைகளும் பயந்தே வளர்கிறார்கள்.

நாங்கள் செய்யக்கூடியது எளிது. தனியாக இருக்கும்போது கேட்போம். சொல்வதை நம்புவோம். பிரிந்து போகும் காலத்தில் ஆபத்துக் கூடலாம் என்பதால், எப்போது என்ன செய்வது என்ற முடிவை அவளிடமே விடுவோம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' உண்டு. 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அதற்கு விவாகரத்துக் கோரத் தேவையில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் பல வருடங்களாக ஒன்றுகூடலுக்கு வராத ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நேரம் கிடைக்காமலும் இருக்கலாம். எதுவாயினும், இந்த நூற்றாண்டு வருடத்தில் அவளை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்போம்.