வேட்பாளரிடம் வயலைப் பற்றியும் கேளுங்கள்

(புதுக்கோட்டை மாவட்ட இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் வந்துவிட்டால் நம் மஹல்லாவில் நடப்பது என்ன? ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும்போது வேட்பாளர் பள்ளிவாசல் வாசலில் கைகூப்பி நிற்பார். ஸலாம் சொல்வார். ஜமாஅத் தலைவருக்குச் சால்வை போடுவார். நாம் கப்ருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்போம்; தெருவுக்குச் சிமெண்ட் சாலை கேட்போம். அவரும் "கட்டாயம் செய்கிறேன் பாய்" என்பார். அதோடு முடிந்தது. அதே வேட்பாளர் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறார். கண்மாய்க் கரையில் நிற்கும் விவசாயி, "தண்ணீர் எப்போது வரும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி நம்முடைய கேள்வியும்தான் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

சுற்றுச்சுவர் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரரே, உங்கள் கல்லா எப்போது நிறைகிறது? அறுவடைப் பணம் ஊருக்குள் புழங்கும்போது அல்லவா? 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்தது விவசாயியின் மரம். ஆனால் அந்த வருடம் வசூலாகாமல் நின்றது யாருடைய கடன் நோட்டு? விவசாயி விழுந்தால் கடைத்தெருவும் விழும்.

2021 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தின் கந்தர்வகோட்டை தனித் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.சின்னதுரை போட்டியிட்டு வென்றார். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றி வந்தவர். தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள், முஸ்லிம் லீக், மனிதநேய மக்கள் கட்சி எல்லாம் ஒரே அணியில் நின்ற தேர்தல் அது. டில்லி எல்லையில் 2020 நவம்பர் முதல் விவசாயிகள் குளிரில் உட்கார்ந்திருந்த காலம். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அந்த அணியின் நிலைப்பாடு. கூலி உழைப்பாளியின் கவலையைப் பேசியவரும் சிறுபான்மையினரின் உரிமையைப் பேசியவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள்.

அந்தச் சட்டங்கள் விவசாயிக்குத்தானே, வியாபாரிக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சட்டம், ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே யாரும் விளைபொருளை வாங்கலாம் என்றது. இன்னொன்று ஒப்பந்தச் சாகுபடி பற்றியது. மூன்றாவது, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத் திருத்தம். காய்கறி, பழம் போன்றவற்றின் விலை இரு மடங்கானால், கெட்டுப்போகாத உணவுப் பொருளின் விலை ஒன்றரை மடங்கானால்தான் இருப்புக்கு வரம்பு விதிக்க முடியும் என்றது அது. விவசாயிக்குச் சுதந்திரம் கிடைக்கும், நல்ல விலை கிடைக்கும் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பல்லாயிரம் டன் அடைத்து வைக்கக் கிடங்கு யாரிடம் இருக்கிறது? பத்து மூட்டை பருப்பு வாங்கிப் போடும் நம் மளிகைக் கடைக்காரரிடமா? பெரிய முதலாளியோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? 2021 ஆகஸ்ட் 28இல் தமிழகச் சட்டமன்றம் அந்தச் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. நவம்பர் 19இல் பிரதமர் வாபஸ் அறிவித்தார்; 29ஆம் தேதி நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது.

சகோதரர்களே! நமக்கு இது புதிய பாடம் அல்ல. வெளியூரிலிருந்து சரக்கோடு வருபவரை, அவர் சந்தைக்கு வந்து விலையை அறியும் முன்பே வழியில் மடக்கி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பதுக்கலைப் பாவம் என்றார்கள். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்று என்று விளைச்சலின் ஜகாத்தைப் பிரித்துக் காட்டினார்கள். தண்ணீருக்காகப் பட்ட பாட்டைக் கணக்கில் எடுத்த மார்க்கம் இது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டித் தோண்டிக் கடனாளியாகும் நம் மாவட்டத்து விவசாயியின் பாட்டை நாம் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ஆகவே, அடுத்த முறை எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, தண்ணீர். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21இல் விராலிமலைப் பக்கம் அடிக்கல் நாட்டினார்கள். ஐந்தே நாளில் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, மீதி எப்போது என்று கேளுங்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி, மணமேல்குடி பகுதிகளுக்கு உரிய காலத்தில் தண்ணீர் வர என்ன செய்வார் என்றும் கேளுங்கள்.

இரண்டு, நிலம். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்தார்கள். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். கந்தர்வகோட்டை உள்ளிட்ட மற்ற ஒன்றியங்களின் மண்ணுக்கு என்ன பாதுகாப்பு? நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் குறை சொல்லும் தைலமரக் காடுகளுக்கு என்ன முடிவு?

மூன்று, விலை. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு. கடலைக்கும் தேங்காய்க்கும் பலாவுக்கும் என்ன ஏற்பாடு?

இவற்றை வேட்பாளரிடம் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் கமிஷன் மண்டியில் தராசு நேராக இருக்கிறதா? சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் நியாயத்துக்கு மேல் எடையைக் கழிக்கிறோமா? மகளின் கல்யாணத்துக்காக அவசரமாக விற்க வருபவரின் நெருக்கடியைப் பார்த்து விலையைக் குறைக்கிறோமா? நம் தராசு சாய்ந்திருந்தால், வேட்பாளரிடம் நியாயம் கேட்க நமக்கு நாக்கு எழாது.

இளைஞர்களே! நம்மில் பலர் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய் உழைத்து வீட்டைத் தாங்குகிறோம். வெளியில் சம்பாதித்தாலும் நாம் திரும்பி வந்து வாழப்போவது இந்த மண்ணில்தான். பக்கத்து ஊர் விவசாயியோடு தோளோடு தோள் நின்று கேளுங்கள். நம்மைப் பிரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறில்லை.

அல்லாஹ் நம் மண்ணுக்கு நல்ல மழையையும் நம் வணிகத்துக்கு பரக்கத்தையும் தருவானாக! வஸ்ஸலாம்.