காகிதம் யார் கையில்?

(திருப்புலி நாட்டில் மலைவாழ் உழைப்பாளி மக்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கூட்டத்துக்கு வரும் வழியில் பூட்டிக் கிடந்த வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தோம். இருபதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. சாமையும் ராகியும் விளைந்த காட்டில் இன்று மரவள்ளி நிற்கிறது. அந்தக் கிழங்குக்கு விலை சொல்கிறவர் பாடுபட்டவர் அல்ல. மலைக்குக் கீழே இருக்கும் வியாபாரியும் ஜவ்வரிசி ஆலைக்காரரும்தான். விலை விழுந்தால் ஆண்கள் மிளகு, காப்பி பறிக்கக் குடகுக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். பெண்கள் பட்டணத்து வீடுகளில் கிழவர்களையும் நோயாளிகளையும் பார்க்கப் போகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசவேண்டும்.

ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. வயலில் பொழுது சாய்ந்தால் முடிந்தது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளியைப் பார்க்கும் வேலைக்குச் சங்கும் இல்லை, பொழுதும் இல்லை.

சில காலத்துக்கு முன் இந்த மலையைச் சேர்ந்த ஒரு தாய் எங்களிடம் வந்தார். தரகர் ஒருவர் அவருடைய புருஷனிடம் முன்பணம் கொடுத்து, அவரை ஒரு பட்டணத்து வீட்டில் சேர்த்துவிட்டார். ஆதார் அட்டையும் ஜாதிச் சான்றிதழும் தரகர் கையில். வீட்டுக்காரர் கொடுத்த சம்பளத்தில் பாதிக்கு மேல் தரகருக்குப் போயிற்று. இரவில் நாலு முறை எழுந்து கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். பகலில் சமையலும் பாத்திரமும் அவர் தலையில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போகக் கேட்டபோது, "கடனைத் தீர்த்துவிட்டுப் போ" என்று பதில் வந்தது.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் கொடியவர் அல்ல. பென்ஷன் வாங்கும் மனிதர். "ஏஜென்ஸிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம், மற்றது எங்களுக்குத் தெரியாது" என்றார். தோழர்களே, குற்றம் அந்தத் "தெரியாது"வில்தான் இருக்கிறது! உழைப்பை வாங்குகிறவர் உழைப்பவளின் நிலையைத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். பத்து நாள் அலைந்து அந்த அட்டையை மீட்டோம். அந்தத் தாய் ஊர் திரும்பினார்.

இது புதிய தந்திரம் அல்ல. நம் முன்னோர் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபோது கங்காணி கையில் "துண்டு" என்ற ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் கணக்கு அதில் இருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். பெயர் ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை.

பிரிட்டனைப் பாருங்கள். முதியோரைப் பார்க்க ஆள் போதவில்லை என்று 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்புத் தொழிலாளருக்கு விசா கொடுக்கத் தொடங்கினார்கள். ஏஜெண்டுகளுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து எத்தனையோ பேர் போனார்கள். ஆனால் விசா எஜமானரோடு கட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470-க்கு மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமம் ரத்தாயிற்று. அவற்றோடு சம்பந்தப்பட்ட தொழிலாளர் 39,000 பேருக்கு மேல். தப்பு செய்தது நிறுவனம். அறுபது நாளுக்குள் வேறு எஜமானரைத் தேடு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போ என்ற நெருக்கடி தொழிலாளிக்கு! 2025 ஜூலையில் அந்த விசாவின் கதவையும் வெளியிலிருந்து வருவோருக்கு மூடிவிட்டார்கள்.

கொல்லிமலையானாலும் லண்டனானாலும் பாடம் ஒன்றே. வேலையும், தங்கும் கூரையும், காகிதமும் ஒரே கையில் இருந்தால், அது கூலி வேலை அல்ல, கொத்தடிமை வேலை.

ஆகவே எஜமானர்களிடம் நாம் கேட்பவை இவை:

ஒன்று: தொழிலாளியின் அட்டை, பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாம் அவள் கையிலேயே இருக்கவேண்டும்.

இரண்டு: என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்பது அவளுக்குப் புரியும் பாஷையில் எழுத்தில் இருக்கவேண்டும். சம்பளம் நேராக அவள் கைக்கு வரவேண்டும்.

மூன்று: தரகர் கூலியை அவள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

நான்கு: வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு, உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை, வீட்டாரோடு பேசக் கையில் போன்.

ஐந்து: சங்கத்தில் சேர உரிமை, வேலையை விட்டுப் போக உரிமை.

இவை நம் கற்பனை அல்ல. காகிதம், ஓய்வு, தரகுக்கூலி பற்றிய ஷரத்துகள், 2011 ஜூன் 16-ல் ஜினிவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நிறைவேற்றிய வீட்டு வேலையாளர் உடன்படிக்கையில் உள்ளன. இந்திய சர்க்கார் ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் அதை ஏற்று அமல்படுத்த முன்வரவில்லை. உள்நாட்டுச் சட்டமோ நம் பக்கம் இருக்கிறது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைப்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று சுப்ரீம் கோர்ட் 1982-ல் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் பெண்ணிடம் தவறாக நடந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜில்லாக் குழுவிடம் முறையிடலாம்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்த நம் மக்கள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். பெயிண்ட் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வருகிறார்கள். குடியுரிமை இல்லை என்பதற்காகக் கூலியைக் குறைப்பது அநியாயம். முகாம் தணிக்கைக்குப் போன நாளுக்காக வேலையைப் பறிப்பதும், போலீசைக் காட்டி மிரட்டுவதும் அதைவிடப் பெரிய அநியாயம்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து மில்லிலும் கோழிப்பண்ணையிலும் உழைப்பவனை "வடக்கத்தியான்" என்று ஏசாதீர்கள். நம் கொல்லிமலைப் பெண் பட்டணத்தில் எந்த நிலையில் இருக்கிறாளோ, அதே நிலையில்தான் அவன் இங்கே இருக்கிறான். அவன் கூலி குறைந்தால் நாளை உங்கள் கூலியும் குறையும்.

இன்றே ஒரு காரியம் செய்வோம். ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். வேலைக்குப் போகிறவர் பஸ் ஏறுமுன் தரகர் பெயர், எஜமானர் விலாசம், பேசிய சம்பளம், வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் அதில் எழுதி வையுங்கள். அட்டையின் நகல் போதும். அசலை எவருக்கும் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை போன் போட்டு விசாரியுங்கள். பதில் வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். சேர்ந்தே மலையிறங்கிப் போய்க் கேட்போம்!