தப்பியோடும் துகளைக் காட்டும் ஒளிர்பொருள்
(வெள்ளி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்த்துரைகள் பல கேட்டுவிட்டீர்கள். ஆதலின் நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

கதிரவனின் ஆற்றலுக்குக் காரணம் அணுக்கருப் பிணைவு. அதனை மண்ணில் நிகழ்த்த முயல்வோர் ஹைட்ரஜனின் கனமான வகைகளாகிய டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் பிணைக்கின்றனர். ஒவ்வொரு பிணைப்பிலும் இரண்டு துகள்கள் பிறக்கின்றன. ஒன்று 140 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலுடைய நியூட்ரான். மின்னூட்டம் அற்றதால் காந்தப் புலத்துக்குக் கட்டுப்படாமல் வெளியேறிவிடும். மற்றொன்று 35 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஆல்பாத் துகள். இது மின்னூட்டம் உடையது. காந்தப் புலத்தில் வளைந்து சுழலும். இது உள்ளேயே தங்கித் தன் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்குக் கொடுத்தால்தான் உலை தானே எரியும்.

நேற்று மாலை மாணவர் ஒருவர் என்னிடம், "ஐயா, சில துகள்கள் தப்பினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்டார். நல்ல வினா. முதலாவது, தப்பும் ஒவ்வொரு துகளோடும் வெப்பமும் போகிறது. இரண்டாவது, அவை சுவர் முழுவதும் பரவலாகப் படுவதில்லை. ஒரு சிறு இடத்தில் குவிந்து தாக்குகின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1982 முதல் 1997 வரை இயங்கிய டி.எப்.டி.ஆர். உலையில், பிளாஸ்மாவில் எழுந்த அலைகளால் உந்தப்பட்ட வேக அயனிகள் இவ்வாறு ஓரிடத்தில் குவிந்து, வெற்றிடக் கலத்துக்கே ஊறு விளைவித்தன. எங்கே, எவ்வளவு, எந்த ஆற்றலோடு தப்புகின்றன என்பதை அறியாமல் பெரிய உலை கட்டுவது, கூரை ஒழுகும் இடம் தெரியாமல் வீடு வேய்வது போன்றதாகும்.

கண்ணுக்குத் தெரியாத துகளை எவ்வாறு காண்பது? 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்பாத் துகள் மோதும்போது எழும் சிறு மின்னலை, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினர். அணுவுக்குக் கரு உண்டு என்று ரதர்போர்டு கண்டது அந்தப் பொறுமையின் பயனே. பிணைவு உலையிலும் அதே வழிதான். கண்ணுக்குப் பதில் ஒளிப்படக் கருவி, அவ்வளவே.

கலச்சுவரின் அருகே ஒரு சிறு பெட்டி. அதில் ஊசித்துளை போன்ற ஒரு வாயில். உள்ளே ஒளிர்பொருள் பூசிய தகடு. 5 டெஸ்லா காந்தப் புலத்தில், குறுக்காகச் செல்லும் 35 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆல்பாவின் சுழற்சி ஆரம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். ஆற்றல் குறைந்தால் ஆரமும் குறையும். ஆகவே, துளை வழியே நுழையும் துகள் தகட்டின் எந்த இடத்தில் விழுகிறது என்பதே அதன் ஆற்றலையும் சாய்வையும் சொல்லிவிடும். உலையின் காந்தமே இங்கு நிறமாலைக் கருவி ஆகிறது. இதைவிட அழகிய சிக்கனம் அரிது என்பது என் எண்ணம்.

இனி, எந்தப் பொருளைப் பூசுவது? இதுவே கடினமான கேள்வி. துத்தநாக சல்பைடு பிரகாசமானது. ஆனால் சூடேறினால் அதன் ஒளி மங்கும். மோதல் நின்ற பின்னும் மிச்ச ஒளி நீடிக்கும். பிரின்ஸ்டனில் 1993 டிசம்பரில் டிரிட்டியச் சோதனைகள் தொடங்கியபோது, சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட்டை ஆண்டனர். அது ஒளியில் அத்துணை மிகுதியுடையதன்று. எனினும் வெப்பத்தைத் தாங்கும். மைக்ரோ செகண்டின் பத்தில் ஒரு பங்குக்குள் அணைந்து அடுத்த துகளுக்கு ஆயத்தமாகும். நம் வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்கின் நீல ஒளியை வெள்ளையாகக் காட்டுவதும் இந்த மஞ்சள் பொடிதான்! ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு உலையிலோ, யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் தயோகாலேட் என்னும் பச்சை ஒளிர்பொருளைக் கொண்டு, பிளாஸ்மா அலைகளின் துடிப்போடு துகள் இழப்பும் துடிப்பதைக் கண்டனர்.

பூச்சின் பருமனும் கருதத்தக்கது. ஆல்பாத் துகள் பத்து மைக்ரான் அளவிலேயே நின்று ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிடும். நியூட்ரானும் காமாக் கதிரும் அவ்வளவு மெல்லிய படலத்தை ஏறக்குறைய உணராமலே கடந்துவிடும். எனவே மெல்லிய பூச்சே வேண்டாதவற்றை விலக்கும் சல்லடை. ஆனால் ஒளியைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைகள் அந்தக் கதிர்களாலேயே தாமும் ஒளிர்ந்து, நாளடைவில் கறுக்கின்றன; இதனால் மெய்யான ஒளியும் பொய்யான ஒளியும் கலந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. துகள்கள் தாக்கத் தாக்க ஒளிர்பொருளே களைத்துப் போகிறது. இன்று ஒளி குறைவாகத் தெரிந்தால், தப்பும் துகள் குறைந்ததா, பொருள் தேய்ந்ததா? இதனைப் பிரித்தறியவே ஸ்பெயினின் செவில் நகரத் தேசிய முடுக்கி மையத்தில், அளவறிந்த அயனிக் கற்றைகளை இப்பொருள்கள் மீது பாய்ச்சி, எத்தனை துகளுக்கு எவ்வளவு ஒளி என்று முன்கூட்டியே அளந்து வைக்கின்றனர். இந்த வேலைக்குப் புகழ் கிடைப்பதில்லை. ஆனால் இது இன்றி மற்ற எண்கள் எதற்கும் பொருளில்லை. ஒளியை நம்பாத வழியும் உண்டு: இங்கிலாந்தின் ஜெட் உலையில் மெல்லிய நிக்கல் தகடுகளை மைக்காவால் பிரித்து அடுக்கி, எந்த ஆழத்துத் தகட்டில் மின்னோட்டம் தோன்றுகிறது என்பதைக் கொண்டு ஆற்றலைக் கணித்தனர்.

ஜெட் 2023-இல் தன் இறுதி டிரிட்டியச் சோதனைகளில் 69 மெகாஜூல் ஆற்றலை வெளியிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஓய்வு பெற்றது. அடுத்தது பிரான்சின் கடராஷில் எழும் ஐட்டர்; இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. 2024-இல் வெளியிட்ட திட்டப்படி அங்கு டிரிட்டியப் பிணைவு 2039-இல் தொடங்க வேண்டும். அதன் வெப்பத்தில் எந்த ஒளிர்பொருளையும் நிலையாக வைத்திருக்க இயலாது. ஆகவே உணரியை, தேவைப்படும் கணத்தில் மட்டும் உள்ளே நீட்டி, அளந்தவுடன் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் வகையில் அதன் கருத்துருவை வகுத்துள்ளனர்.