பொறியியலாளரும் எழுதுகோலும்



கணிதமும் வரைபடமும் கைவந்த ஒருவருக்கு வசனம் எழுதும் வேலை ஒரு சில்லறைத் தொல்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். பொறியியலாளரிலும் தொழில்நுட்பவியலாளரிலும் சிலர் அவ்வாறே எண்ணுகின்றனர். நான் கலைப்பட்டதாரி, இயந்திரங்களைப் பற்றிப் பேச எனக்கு அதிக உரிமையில்லை. ஆயினும், எழுத்துச் செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லாமையால் ஓர் இயந்திரம் அழிந்த வரலாறு ஒன்றுண்டு. அதனைச் சொல்லும் உரிமை ஆசிரியனுக்கும் உண்டல்லவா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே மூன்று மைல் தீவு என்னும் இடத்தில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. 1979 மார்ச் 28ஆந் திகதி அதிகாலையில், அதன் 2ஆம் உலையில் அமுக்கத்தைத் தணிப்பதற்காகத் திறந்த வால்வு ஒன்று, மீண்டும் மூடாமல் நின்றுவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையில் அந்த வால்வுக்குரிய மின்குமிழ் அணைந்திருந்தது. அதைக் கண்ட இயக்குநர்கள் வால்வு மூடிவிட்டதென்றே கொண்டனர். உண்மையில் அக்குமிழ் அறிவித்தது, மூடுமாறு கட்டளை போயிற்று என்பதை மாத்திரமே. கட்டளை நிறைவேறியதா என்பதை அன்று. மற்றொரு கருவி நீர்மட்டம் உயர்ந்திருப்பதாகக் காட்டவே, உலையில் நீர் மிகுந்துவிட்டதென்று எண்ணி, தானாக ஓடத் தொடங்கிய அவசர நீரூட்டலை அவர்கள் வெகுவாகக் குறைத்துவிட்டனர். உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. இதே வகை வால்வு திறந்தபடி நின்றதும், இதே தப்பெண்ணத்தால் நீரூட்டல் நிறுத்தப்பட்டதும், 1977 செப்டெம்பர் 24ஆந் திகதி ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெசி நிலையத்தில் முன்னரே நிகழ்ந்தவை. அன்று அந்த உலை 9 சதவீத வலுவில் மாத்திரம் இயங்கியமையாலும், தவறு விரைவிற் கண்டறியப்பட்டமையாலும் கேடு நேரவில்லை. இரு உலைகளையும் செய்தளித்தது பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் என்னும் ஒரே நிறுவனம். அங்கிருந்த கெலி என்ற பொறியியலாளர் நிகழ்ந்ததை அறிந்து, அவ்வாண்டு நவம்பரில் ஒரு குறிப்பு எழுதினார். நிலையங்களுக்கு நாம் போதிய வழிகாட்டல் வழங்கவில்லையோ என்னவோ என்ற பாங்கில், மிக அடக்கமாக எழுதினார். அதற்குக் கிடைத்த மறுமொழியோ அவர் கருத்தையே பிடிக்கவில்லை.

1978 பெப்ரவரியில் பெர்ட் டன் என்ற மற்றொரு பொறியியலாளர் எழுதினார். அவர் தயங்கவில்லை. இந்நிகழ்ச்சி முழு வலுவில் இயங்கும் உலையில் நேர்ந்திருந்தால் உள்ளகம் நீரின்றி வெளிப்பட்டு எரிபொருள் சேதமுற்றிருக்கக்கூடும் என்றும், நீரூட்டலை எந்நிலையில் நிறுத்தலாம் என்பதை இயக்குநர்க்கு அறிவுறுத்தவேண்டும் என்றும் தெளிவாகக் கூறினார். ஆனால், அவர் சொன்னவாறு செய்தால் வேறு தீங்கு வருமோ என்று ஒரு பிரிவினர் ஐயுற்றனர். அந்த ஐயத்துக்கு விடை வேண்டி ஆகஸ்டில் இன்னொரு குறிப்பு அனுப்பப்பட்டது. எச்சரிக்கையாகப் புறப்பட்டது இவ்வாறு ஒரு வினாவாக உருமாறிற்று. வினாவுக்கு அவசரம் ஏது? அது மாதக்கணக்கிற் கிடந்தது. மூன்று மைல் தீவின் இயக்குநர்களுக்கு ஒருவரும் ஒரு வரியும் அனுப்பவில்லை.

விபத்தை ஆராய்ந்த கெமெனி ஆணைக்குழு 1979 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையிலே இக்கடிதப் போக்குவரத்தும் இடம்பெற்றது. குற்றம் முழுவதும் எழுத்தினுடையதென்று நான் சொல்லமாட்டேன். டன் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் கெலியின் குறிப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. ஏனெனில், அந்த அடக்கத்தை மாணவர்க்குப் பயிற்றுவிப்பவர்கள் எம்போன்ற ஆசிரியர்களே. மேலதிகாரிக்கு எழுதும்போது தாழ்மையோடு தொடங்கி, வரலாறு முழுவதையும் உரைத்து, சொல்லவேண்டியதைக் கடைசிப் பந்தியில் விண்ணப்பமாக வைக்கவேண்டும் என்று கற்பித்துவந்துள்ளோம். விடுமுறை கேட்பதற்கு அது பொருந்தலாம். கொதிகலன் வெடிக்கப்போகிறது என்பதற்குப் பொருந்துமா?

‘செய்யப்பட்டது’, ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுவாயை ஒளிக்கும் வழக்கமும் எமது கொடைதான். எங்கள் பாடசாலை நீர்ப்பம்பியைத் திருத்த வந்த ஒருவர் பதிவேட்டில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று எழுதிச் சென்றார். எப்பகுதி பழுது, எதை மாற்றினார், எதைத் தற்காலிகமாகக் கட்டிவைத்தார் என்பன இல்லை. அடுத்த மாதம் வந்தவர் முதலிலிருந்தே கழற்றவேண்டியதாயிற்று. பிள்ளைகள் இரண்டு நாள் அயல்வீட்டுக் கிணற்றில் நீர் அள்ளினர்.

அதன்பின் உயர்தர வகுப்பினர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அப்பம்பியை இயக்கும் முறையை ஒருவன் எழுதவேண்டும். அதனை முன்பின் அறியாத மற்றொருவன் அவ்வெழுத்தை மாத்திரம் கொண்டு இயக்கவேண்டும். எழுதியவன் வாய் திறக்கலாகாது. நல்ல தமிழ் எழுதும் மாணவன் ஒருவன் முதலில் வந்தான். பிழையற்ற வசனங்கள். ‘வால்வைத் திறக்கவும்’ என்று இருந்தது. கையிலே தாளுடன் நின்ற பிள்ளை பம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அங்கே இரண்டு வால்வுகள் இருந்தன.

எழுதியவன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். மறுநாள் கொண்டுவந்த தாளில், நீலப்பூச்சிட்ட வால்வை இடஞ்சுழியாக இரண்டு முறை திருப்பவும் என்றும், அதற்கு மேலுள்ள வரியில், பம்பியில் நீர் நிரப்புமுன் ஆளியைப் போடக்கூடாது என்றும், போட்டால் நேர்வது இன்னது என்றும் எழுதியிருந்தான்.