கைகால் மூட்டு நோயும் நம் கடமையும்

(மீனாட்சிபுரத்தில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இன்று நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. இவ்வெல்லைப்புறத் தமிழரின் பெருஞ்செல்வம் நிலமும் அன்று, பொன்னும் அன்று. உழைக்கும் கையும் நடக்கும் காலுமே ஆகும். தோப்பிலே தேங்காய் உரிப்பதும், சித்தூர் வட்டத்து வயல்களிலே நாற்று நடுவதும், தேவிகுளம், பீருமேட்டு மலைகளிலே கொழுந்து கிள்ளுவதும் அக்கைகளே. அவற்றின் விரல்கள் மடங்க மறுத்தால், கால் பெருவிரல் ஊன்ற மறுத்தால், குடும்பமே தளர்ந்துவிடுகின்றது.

எலும்பு மூட்டுத் தேய்வு என்னும் இந்நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. 2019-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேர் இதனால் வருந்தினர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் பெண்டிர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. விரல் நுனி மூட்டில் எழும் கடினமான முடிச்சு, வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரால் இன்றும் வழங்குகின்றது. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1802-இல் வெளிவந்த நூலில் அம்முடிச்சு விளக்கப்பட்டுள்ளது. கட்டைவிரலின் அடிமூட்டும், காற்பெருவிரலின் அடிமூட்டும் இந்நோய் விரும்பிக் குடியேறும் பிற இடங்கள்.

'தேய்வு' என்னும் பெயரே நம்மில் பலரை ஏமாற்றிவிட்டது. வண்டி அச்சு உருள உருளத் தேயும். ஆகவே மூட்டையும் அசைக்காதிருந்தால் மிச்சப்படும் என எண்ணுகின்றோம். அச்சுக்கு உயிரில்லை, மூட்டுக்கு உயிருண்டு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவூட்டுகின்றது. மூட்டு அசையும்போதுதான் அந்நீர் உள்ளே புகுந்து வெளியேறுகின்றது. அசையாத மூட்டு இறுகும். அதனைத் தாங்கும் தசையும் மெலியும். வலி மேலும் பெருகும். ஓயாது பாரம் சுமந்த மூட்டும் அவ்வாறே கெடும். எனவே மூட்டுக்கு வேண்டுவது முழு ஓய்வும் அன்று, ஓயாத உழைப்பும் அன்று, அளவு ஒன்றே. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என வகுத்த தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் உயிரும் அவ்வளவே அன்றோ?

அவ்வளவை வீட்டில் எங்ஙனம் காப்பது? காலையில் இளஞ்சூட்டு நீரில் கைகளைச் சற்றுநேரம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி விரிக்க வேண்டும். கட்டைவிரல் நுனியால் ஏனைய விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். சுவரைப் பற்றி நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். கரண்டி, அரிவாள் ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் விரல் இறுகப் பற்ற வேண்டியதில்லை. பையை விரல் நுனியில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டலாம். பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் தாங்கலாம். காலுக்கு, விரல்களை நெருக்காத அகன்ற முன்புறமும், எளிதில் வளையாத அடியும் கொண்ட செருப்பு நலம். உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைப்பின் காலின் சுமை குறையும்.

மருந்திலும் அளவு வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற மேற்பூச்சுக் களிம்பை மருத்துவர் சொற்படி முதலில் பயன்படுத்துதல் தகும். வலி மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்குவோர், வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விலைக்கு வாங்குகின்றனர். உள்ளீடு இன்னதென்று எழுதப்படாத பொட்டலப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருத்தல் கூடும். ஒரே நாளில் வலியை ஓட்டும் பொடியை ஐயுறுவதே அறிவு. கேரளத்து எண்ணெய்ப் பிழிச்சல் இதம் தரும். ஆயின் தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துவிடாது.

காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் விரல்கள் இறுகியிருந்து, மூட்டுகள் வெம்மையோடு வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். திடீரெனப் பெருவிரல் சிவந்து பொறுக்கவொண்ணாது வலித்தால் அது வேறொரு நோயாகலாம். இவற்றுக்கு மருத்துவம் வேறு, காலம் தாழ்த்தலாகாது.

மருத்துவரிடம் செல்லும்போது மொழியும் குறுக்கே நிற்கின்றது. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது நாம் மலையாளம் வழங்கும் மாநிலத்தில் அமைந்தோம். நாம் 'வலி' என்றால் மலையாளியின் செவிக்கு அது இழுத்தலாகும். 'வலிவு' என்றால் மூச்சிரைப்பாகும். அவர் 'வேதன உண்டோ?' என்று கேட்பது உடல் வலியையே. மனத்துயரைக் கேட்கிறார் என்றெண்ணி, "வேதனை ஒன்றுமில்லை" என நம் பாட்டிமார் விடையிறுத்தால் நோய் மறைந்தே போகும். அவர் 'நீரு' என்பது வீக்கத்தை. ஆகவே மூட்டைத் தொட்டுக் காட்டுங்கள். எத்தனை நாளாக நோகின்றது, காலையில் எவ்வளவு நேரம் இறுகுகின்றது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பனவற்றைச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் உடன் செல்லுங்கள்.

இத்தனையும் கூறியபின் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அளவோடு உழைக்கும் உரிமை எத்தனை பேருக்கு உண்டு? 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்பது நாள் போராடினர். நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி பெற்ற அவர்கள் 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டனர். அது மூட்டு நோய்க்காக எழுந்த போராட்டம் அன்று. ஆயினும் பறிக்கும் கொழுந்தின் எடையைக் கொண்டு ஊதியம் அமையும் தொழிலில், நோகும் விரலுக்கு ஓய்வு தருவது கூலியை இழப்பதாகும் என்பதை நாம் மறத்தலாகாது. கூலியும் வேலை நேரமும் செவ்வையாக அமைதல் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

வீட்டிலும் அவ்வாறே. துணி பிழிவதும், தேங்காய் துருவுவதும், குடம் தூக்குவதும் தாய்க்கும் மனைவிக்குமே உரியவை என்று எந்த நூலும் விதிக்கவில்லை. ஆடவரும் இளைஞரும் அவ்வேலைகளில் பாதியை ஏற்பது, எந்தத் தைலத்தினும் மேலான மருந்தாகும்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்று. மாதக் கூட்டம் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கைகால் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மலையாளம் எழுதப் பேச வல்ல இளைஞர் இருவரை, முதியோருக்கு மருத்துவமனைத் துணையாக அமர்த்துங்கள். தமிழை வளர்க்கும் சங்கம், தமிழரின் கைகளையும் காக்கட்டும்.