முன்கதையை முதலில் படிக்கலாமா?

தொடர்ச்சி நாவல், முந்தைய நாவல் நின்ற இடத்திலிருந்து கதையைக் கொண்டுசெல்வது. இணை நாவல், அதே உலகத்தை வேறொருவர் பக்கம் நின்று சொல்வது. முதல் நூலின் நாயகன் அதில் தெருவில் எதிர்ப்பட்டு மறையும் ஆளாகக்கூட இருக்கலாம். முன்கதை பின்னால் எழுதப்படுவது, முன்னால் நடப்பது. இவையெல்லாம் அவை அறிந்தவை. கோவலனும் மாதவியும் பெற்ற மகளை நாயகியாக்கி, இன்னொரு புலவர் இன்னொரு சமயத்தின் பக்கம் நின்று அடுத்த காப்பியம் பாடிய மொழியில், முன்னோடி தேடி வெளியூர் போகத் தேவையில்லை. கருத்தரங்கின் தலைப்பு கேட்கும் அறிமுகத்துக்கு இவ்வளவு போதும் என்று அவை பொறுத்துக்கொள்ள வேண்டும். வகை பிரிப்பதைவிடச் சிக்கலானது வரிசை. இளம் வாசகர் எதை முதலில் கையில் எடுப்பது?

பதின்பருவத்தினருக்கென்று தமிழில் தனி அலமாரி இல்லை என்ற வருத்தம் கருத்தரங்குதோறும் கேட்கிறது. அலமாரி இல்லாமல் இருக்கலாம், வாசகர்கள் இருந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் கைக்கு வந்த முதல் தடித்த புத்தகம் பல வீடுகளில் கல்கியுடையதுதான். அவருடைய 'பார்த்திபன் கனவு' 1941-இல் தொடர்கதையாகத் தொடங்கியது. 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வந்தது. கதை நடக்கும் காலத்தில் இரண்டாவதே முந்தையது: அதில் நரசிம்மவர்மர் இளவரசர், வாதாபி இனிமேல்தான் எரிய வேண்டும். 'பார்த்திபன் கனவி'லோ அவர் வயதுக்கு வந்த மகளின் தகப்பன். ஆகவே சிவகாமியை முதலில் படித்துவிட்டுப் பார்த்திபனுக்கு வர வேண்டும் என்பது ஆசிரியர்களும் புத்தகக் கடைக்காரர்களும் சொல்லிவரும் அறிவுரை. வரலாற்றுத் துறையினரின் ஆதரவும் அதற்கு உண்டு. அவர்கள் புலமைக்கு மரியாதை குறையாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காலவரிசை பாடப் புத்தகத்துக்கு உதவும், நாவலைக் கெடுக்கும்.

'பார்த்திபன் கனவி'ன் பெரிய முடிச்சு, ஆபத்தில் எல்லாம் வந்து நிற்கும் சிவனடியார் யார் என்பது. சிவகாமியை முன்பே படித்த பிள்ளை, நரசிம்மரின் தந்தை மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு வேடம் போட்டு அலைவதைப் பார்த்தாயிற்று. மாறுவேடம் பல்லவர் வீட்டு வழக்கம் என்று தெரிந்தபின், ஜடாமுடியைக் கண்டதுமே முடிச்சு அவிழ்ந்துவிடும். மாறாக, பார்த்திபனை முதலில் படித்தவனுக்கு நரசிம்மருக்கு மனைவி மக்கள் உண்டு என்பது தெரியும். ஆயனர் மகள் சிவகாமி ஆடும்போதே அவள் பக்கம் விதி இல்லை என்பதும் தெரியும். அதனால் சுவை கெடும் என்பார் உண்டு. கெடுவது ஆவல் மட்டுமே. அந்த இடத்தில் வந்து உட்காருவது கலக்கம், அது ஆவலைவிட நெடுநேரம் நிற்கும். ஒற்றைக்கைக் கபால பைரவரும் அப்படியே. முதல் நாவலில் அந்த இல்லாத கை பயமுறுத்துகிறது. மூன்று ஆண்டு கழித்துத் தொடங்கிய நாவலில், வாதாபியில் அது வெட்டுண்டு விழும் பக்கத்தில் வாசகன் நிமிர்ந்து உட்காருகிறான். வரிசையை மாற்றினால் அந்த ஒரு நொடி போய்விடும்.

பார்த்திபன் கண்ட சோழக் கனவு அவன் மகன் காலத்தில் நிறைவேறாமல் நூற்றாண்டுகள் காத்திருந்ததைச் சொல்லித்தான் அந்நூல் முடிகிறது. அந்த நூல் சுட்டிய இடத்துக்கு 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கிக் கல்கி திரும்பி வந்தார். முன்னும் பின்னும் கிளைவிட்ட அடிமரத்தை நடுவில் செருகிப் படிக்கச் சொல்வது விந்தை.

எதிர்ச்சாட்சியாக நார்னியாவைக் காட்டுவது வழக்கம். சி. எஸ். லூயிஸ் 1950-இல் முதலில் வெளியிட்டது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் கதை. அந்த உலகம் பிறந்த கதை 1955-இல், ஆறாவதாக வந்தது. பிந்தைய பதிப்புகள் அதற்கு ஒன்று என்று எண்ணிட்டன. கதைக்கால வரிசையே தனக்கும் பிடித்தது என்று லூயிஸ் 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதியதும் உண்மை. வரிசை அவ்வளவு முக்கியமில்லை என்று அதே கடிதத்தில் அவர் சொன்னதை மேற்கோள்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். எப்படியும், அலமாரிக்குள் பனி கொட்டுவதைக் கண்டு லூசி திகைக்கும்போது கூடத் திகைக்க வேண்டிய குழந்தைக்கு, விளக்குக் கம்பம் அங்கே வந்த விவரம் முன்கூட்டியே எதற்கு?

இவ்விவாதத்தில் யாரும் சாட்சிக்கு அழைக்காத ஆவணம் பைண்டு புத்தகம். வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்தவை. பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் வேறொரு கதையின் பாதி, ஒரு தைல விளம்பரம், அடியில் ஒரு துணுக்கு. பழைய புத்தகக் கடைக்குப் போய்ச் சேரும் இவற்றை ஆய்வாளர்கள் காகிதக் குப்பையாகவே பார்த்துவந்திருக்கிறார்கள். அவை சொல்லும் சாட்சி இதுதான்: 1941-இல் சிவகாமி இல்லை. அந்தத் தலைமுறை பார்த்திபனிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. விளைவு முதலில், காரணம் பிறகு என்று அவர்கள் படித்தார்கள்.

பிறர் எழுதிய தொடர்ச்சிகளுக்கு, விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' உள்பட, தனி அமர்வு வேண்டும், இங்கே நேரமில்லை.

கருத்தரங்கு கூடியிருக்கும் திருவண்ணாமலையிலேயே, விளைவு முதலில் என்ற இந்த வரிசைக்கு ஒரு சான்று உண்டு. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவிடம் சிவன் அடியார் வேடத்தில் வந்து, சோதித்து, பிறகு குழந்தையாகிக் காட்டிய கதையை அருணாசல புராணம் பாடுகிறது. (இவ்வூர்ப் பிள்ளைகளிடம் சிவனடியார் முடிச்சைக் காப்பாற்றுவது கல்கிக்கே கடினம்.) அந்த வல்லாளன், ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன், 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானோடு மோதி மாண்டான். மகன் என்ற முறையில் அண்ணாமலையார் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப்போய், கௌதம நதிக்கரையில் அவனுக்குத் திதி கொடுக்கிறார். புராணத்தை யாரும் முன்கூட்டிப் படித்துவிட்டு அங்கே போவதில்லை. அப்பன் தோளில் உட்கார்ந்து தீர்த்தவாரி பார்க்கும் பிள்ளை, "சாமி யாருக்குப்பா திதி குடுக்குது?" என்று கேட்கிறது. வல்லாளன் கதை அந்தப் பிள்ளைக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.